பெனிலா மொழிபெயர்க்கிறாள்

"என் தகப்பனார் ஓடக்காரராயிருந்தார்"னு மைக்குல சொல்றேன், சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்"ங்குது. எங்கப்பா ஓடக்காரர் ஒண்ணும் கிடையாது. அந்தா, ஆம்ப்ளிஃபையர் பக்கத்துல வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில சம்மணம் போட்டு உக்காந்து, மைக் கூவினா குறைக்கணும்னு ஒரு கையைத் திருகு மேலேயே வச்சிருக்காரே, அவருதான் எங்கப்பா, ஞானசிகாமணி, லாரி கம்பெனியில மெக்கானிக், கடலுக்குப் பக்கத்துலயே பிறந்து வளர்ந்தும் முழங்கால் தண்ணிக்கு மேல இறங்காத ஆளு. ஓடம் விட்டது பாஸ்டர் கிருபா ராவோட அப்பா, கோதாவரியில. பாஸ்டர் தெலுங்குல ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், நான் அதைத் தமிழ்ல சொல்லி நிறுத்துவேன், திரும்ப அவர், திரும்ப நான். அவர் "நான்"னு சொன்னா நானும் "நான்"னுதான் சொல்லணும், மொழிபெயர்க்கிறவங்களுக்கு அதுதான் முறை. அந்தக் கணக்குல பாத்தா எனக்குக் கல்யாணமாகி மூணு பிள்ளைங்க இருக்கு, ஒரு காலத்துல பீடி குடிச்சிருக்கேன், சீட்டாட்டத்துல மச்சானையே ஏமாத்தியிருக்கேன், மனைவியை அடக்கம் பண்ணிட்டு வந்து அவ கழுவாம விட்டுட்டுப் போன சட்டியைக் கழுவிக்கிட்டே அழுதிருக்கேன். பதினேழு வயசுக்குள்ள இம்புட்டும் பண்ணிட்டேன். வாய் பாட்டுக்குப் பேசும், மனசு பாட்டுக்கு எங்கயாவது சுத்தும், இது எனக்குப் பழக்கம். ஆனா இன்னைக்கு மனசு வெளிய எங்கயும் போகாம ஒரே இடத்தையே செக்குமாடாச் சுத்துது. பிரசங்கம் முடிஞ்சதும் பாஸ்டர் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேப்பார். மகளே, நீ அழைப்பைக் கேட்டாயா? வெள்ளைச் சேலை கட்டி ஊழியர் வீட்டுக்குப் போற ஒவ்வொரு பிள்ளையையும் சபை முன்னால நிறுத்திக் கேக்கிற கேள்வி அது. கேட்டேன்னு சொன்னா தலையில கை வச்சு ஜெபம் பண்ணுவாங்க, பின்னால பெரிய சட்டியில வெந்துக்கிட்டிருக்கிற பிரியாணியைப் பந்தி போடுவாங்க, சாயங்காலம் மதுரையில இருக்கிற அந்த ஊழியர் வீட்டுக்கு வண்டி. அப்புறம் எனக்கு வீடு கிடையாது, காலேஜ் கிடையாது, கல்யாணம் கிடையாது, சாகிற வரைக்கும் ஊழியம். மத்த பிள்ளைங்களுக்குப் பதில் மட்டும் சொன்னாப் போதும். எனக்கு வந்த கூத்தைப் பாருங்க, கேள்வியையும் நான்தான் தமிழ்ல சொல்லணும், பதிலையும் நான்தான் தெலுங்குல சொல்லணும். அதுல என்ன பெரிய கஷ்டம்னா, நான் எதையும் கேக்கல. ஒரு சத்தமும் கேக்கல.

"அக்கரையில் நிற்கிறவன் கூப்பிடுவான், என் தகப்பனார் சோற்றுக் கையை உதறிக்கொண்டு எழுந்துபோவார்." சும்மா சொல்லக் கூடாது, இந்த மனுஷன் பேசுற அழகே தனி. மத்த பாஸ்டர்மாரெல்லாம் மைக்கைக் கடிச்சுத் தின்னுற மாதிரி கத்துவாங்க, காது ரெண்டு நாளைக்கு ரீங்காரம் போடும். இவர் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மீன் என்ன விலைன்னு கேக்கிற மாதிரிதான் பேசுவார். கதையில தன்னை நல்லவனாக் காட்டிக்கவே மாட்டார், அதான் எனக்குப் பிடிச்சது. மச்சானை ஏமாத்தினேன்னா ஏமாத்தினேன்தான், அப்புறம் சாக்குப்போக்கு கிடையாது. பதினாலு வயசுல முதல்முதலா இந்த மேடையில ஏறினேன். அதுவரைக்கும் மொழிபெயர்த்துக்கிட்டிருந்த பேங்க் அண்ணன் சேலத்துக்கு மாத்தலாகிப் போயிட்டார், பாஸ்டர் வந்து நிக்கிறார், தெலுங்கு தெரிஞ்ச ஆள் இல்ல. "நெல்லூர்க்காரி மகதானே, அவ பேசுவா"ன்னு அப்பா என்னைப் பிடிச்சு மேல தள்ளிவிட்டார். நான் "என் மனைவி செத்தபோது"ன்னு சொல்ல வெக்கப்பட்டு, "அவருடைய மனைவி செத்தபோது அவர் அழுதார்னு சொல்றார்"ன்னு சொன்னேன். பாஸ்டர் பேச்சை நிறுத்திட்டார். குனிஞ்சு மெதுவா, அம்மா, நீ நடுவுல நின்னுக்கிட்டா அவங்க என்னைப் பாக்க முடியாது, தள்ளிக்கோ, "நான்"னே சொல்லுன்னார். நான் சொன்னேன், "என் மனைவி செத்தபோது நான் அழுதேன்." ரெட்டைச் சடையோட நின்ன பிள்ளை அப்படிச் சொல்லவும் பொம்பளைங்க பக்கம் களுக்னு ஒரு சிரிப்பு. அடுத்த வாக்கியத்துல சிரிச்ச பொம்பளைங்கல்லாம் முக்காட்டுத் துணியால கண்ணைத் துடைச்சாங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. என் வாயிலிருந்து போய் அவங்க கண்ணுல தண்ணியா வருது! பொய் எதுக்கு, எனக்கு இந்த மைக் ரொம்பப் பிடிக்கும். இந்த மூணு வருஷத்துல அவர் சொன்ன ஒரு சொல்லைக்கூட நான் கூட்டினதும் இல்ல குறைச்சதும் இல்ல. ஒருவாட்டி அவர் வேடிக்கையா, உங்க ஊரு சாம்பார்ல உப்புக் குடோனையே கொட்டிட்டீங்கன்னார். நானும் அப்படியே சொல்லிட்டேன். சமையல் பண்ணின கிரேஸி அக்கா ரெண்டு மாசம் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. இந்த சபையே ஒரு காலத்துல உப்புக் குடோன்தான். மழைக்காலத்துல சுவர் வேர்க்கும், மைக் ஸ்டாண்டு துருப்பிடிக்கும், எங்க அம்மாவோட வெள்ளைச் சேலையில சாஞ்சு உக்காந்த இடமெல்லாம் பூத்துப்போய் இருக்கும்.

ஆனா ஸ்கூல்ல நடந்தது வேற. பன்னெண்டாம் வகுப்பு முடிஞ்சு பிரிவு விழா, மைக்ல பேசிப் பழகின பிள்ளைன்னு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "எழுதிவச்சு ஒப்பிக்காத பெனிலா, உன் மனசுல இருக்கிறதைப் பேசு"ன்னாங்க. போய் நின்னேன். மைக்கைப் பிடிச்சேன். சத்தியமாச் சொல்றேன், என் தலை தானா இடப்பக்கம், சபையில பாஸ்டர் நிக்கிற பக்கம், திரும்பிடுச்சு. யாராவது முதல்ல ஒரு வாக்கியம் சொல்லுவாங்கன்னு! இடப்பக்கம் ஃபேன்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, டீச்சர் "பயந்துட்டா பாவம்"னு கீழ இறக்கிவிட்டாங்க. பயமெல்லாம் இல்ல டீச்சர். உள்ள போய்த் தேடினேன், என்னோடதுன்னு ஒரு வாக்கியம் கூட இல்ல. மத்தவங்க அப்பா, மத்தவங்க ஓடம், மத்தவங்க பீடி. எனக்கு என்ன பிடிக்கும், நான் எதை நம்புறேன், எதுக்கு அழுவேன், எதுவும் அங்க இல்ல. அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழி பூரா ஒரு வாக்கியமாவது செஞ்சு பாப்போம்னு முயற்சி பண்ணினேன். "எனக்கு"ன்னு ஆரம்பிப்பேன், அதுக்கு மேல போகாது, வாய்க்குள்ள அப்படியே கரைஞ்சிடும். நாம என்ன மனுஷின்னு எனக்கே கேவலமா இருந்துச்சு. "என் தாயார் சொல்லுவாள், ஒருவரும் கூப்பிடவில்லை, காற்றுதான் இரைகிறது, சாப்பிட்டுவிட்டுப் போ." சபை சிரிக்குது. அப்பாவும் சிரிக்கிறார். அப்பா சிரிச்சா அவர் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்து தெரியும், எனக்கும் அதே சந்து. ஐயோ, இந்த மனுஷனை எப்படி நான் இத்தனை பேர் முன்னால தலைகுனிய வைப்பேன்.

அப்பாவைப் பத்திச் சொல்லணும்னா இந்த ஒண்ணு போதும். கம்பெனியில ஒரு லாரி, பிரேக் சரியா பிடிக்கல, சரக்கு ஏத்தியாச்சு, ஹார்பர்ல கப்பல் காத்துக்கிட்டிருக்கு. வண்டி நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுய்யாங்கிறார் மேனேஜர். "பிரேக் பிடிக்கலன்னா பிடிக்கலன்னுதான் சார் சொல்லுவேன், பிடிக்குதுன்னு எப்படிச் சொல்லுவேன்"னார் அப்பா. அதுக்கு மேலயும் டிரைவரை ஏறச் சொன்னதும், இவர் போய் வண்டி முன்னால தரையில மல்லாந்து படுத்துக்கிட்டார். கோஷம் போடல, சண்டை போடல, கிரீஸ் சட்டையோட சும்மா படுத்திருந்தாராம், கண்ணை மூடிக்கிட்டு. அவருக்குப் பின்னால வந்தவனெல்லாம் ஃபோர்மேன் ஆயிட்டான், இவர் இன்னும் வண்டிக்கு அடியிலதான் கிடக்கார். அந்தக் கதையை அப்பா சொல்லி நான் கேட்டதில்ல, அந்த டிரைவர் அண்ணன்தான் வருஷா வருஷம் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துட்டுச் சொல்லிட்டுப் போவார். அப்படிப்பட்ட மனுஷன்தான் தினம் விடியக்காலை ஜெபம் முடிஞ்சு பாயைச் சுருட்டிக்கிட்டே எங்கிட்ட கேப்பார், "மக்கா, சத்தம் எதுவும் கேட்டுச்சா?" பால் வந்துருச்சான்னு கேக்கிற மாதிரி. எனக்கு முன்னால ரெண்டு பிள்ளைங்க பிறந்து பிறந்து செத்துப்போச்சு. மூணாவது தங்கினா அது உமக்குத்தான் ஆண்டவரேன்னு ஒரு பொருத்தனை. நான் தங்கிட்டேன். அதனால எனக்குச் சத்தம் கேக்கணும். "இல்லப்பா"ம்பேன். "சரி மக்கா, கேக்கும்"பார். ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல, ஒரு நாளும் கேக்காம விட்டதும் இல்ல. ஒருவாட்டி எனக்கே பாவமா இருந்து, கேட்டுச்சுன்னு சொல்லிடலாமான்னு வாயெடுத்தேன், அந்த நேரம் பாத்து குக்கர் விசில் அடிச்சுச்சு, ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். போன மாசம் உபவாச ஜெபத்துக்கு வெளியூர் சிஸ்டர் ஒருத்தங்க வந்தாங்க. என் தலையில கையை வச்சு, இந்தப் பிள்ளையை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன் என்று கர்த்தர் சொல்கிறார்னு தீர்க்கதரிசனம் சொன்னாங்க. எங்க சபையில ஒரு வழக்கம், தீர்க்கதரிசனம் உனக்கு ஒப்பலைன்னா உடனே வாய் திறந்து சொல்லிடணும், சொல்லாம இருந்தா ஏத்துக்கிட்டேன்னு அர்த்தம். நான் சொல்லல. ஏன்னா காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கல, அந்தக் கை வேற நல்ல கனம், வயிறு கடமுடான்னுச்சு, வாயைத் திறந்தா வாந்தி வந்துருமோன்னு பயம். தலையைத் தூக்கினா, அப்பா துண்டால முகத்தை மூடிக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுறார். அப்பா அழுது நான் பாத்ததே இல்ல. அந்த மனுஷன்கிட்ட போய், அப்பா அது அழைப்பு இல்லப்பா பசிப்பா, அப்படின்னு எப்படிச் சொல்றது? மறுநாள் காலையில பாயைச் சுருட்டினார், எதுவும் கேக்கல. என்னைப் பாத்துச் சிரிச்சார், அவ்வளவுதான். அன்னையிலிருந்து கேக்கவே இல்ல. வீட்டுல ஒரு தகரப் பெட்டி நிக்குது, ஷெட்டுல லாரி நம்பர் எழுதுற மஞ்சள் பெயின்ட்டால அதுல என் பேரை எழுதியிருக்கார். ஒரு எழுத்து கோணல் இல்ல. பெ-க்குக் கொம்பு போட மட்டும் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிச்சிருப்பார்னு எனக்குத் தெரியும்.

"கூப்பிடுகிறவனுடைய குரலைக் கேட்டே, வருகிறவன் யார், என்ன அவசரம் என்று என் தகப்பனார் சொல்லிவிடுவார்." அம்மாவைப் பாக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே பாக்கிறேன். பொம்பளைங்க பக்கம் மூணாவது வரிசை, தூண் மறைவு, எப்பவும் அந்த இடம்தான். பேரு சுவார்த்தம்மா. அப்பா வாலிபத்துல நெல்லூர் ஷெட்டுல வேலை பாத்தப்போ அங்க சபையில கட்டிவச்ச கல்யாணம். தூத்துக்குடிக்கு வந்த புதுசுல கடைக்குப் போய் வெங்காயத்துக்கு அவங்க ஊர்ப் பேச்சுல எர்ரகட்டன்னு கேட்டிருக்கா. கடைக்காரனும் நின்ன பொம்பளைங்களும் சேர்ந்து சிரிச்ச சிரிப்புல, அப்புறம் கடையில வாயே திறக்க மாட்டா, விரலால காட்டுவா. அம்புட்டு வருஷம் ஆச்சு, இன்னும் விரல்தான். வீட்டுல எங்கிட்ட மட்டும் தெலுங்கு, அதுவும் மெதுவா, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுருமோங்கிற மாதிரி. சபையில சாட்சி சொல்லுங்கன்னு வரிசையா எழுப்புவாங்க, மத்த பொம்பளைங்க எந்திரிச்சா உக்கார வைக்கப் பாடுபடணும். இவ எந்திரிப்பா, "கர்த்தர் நல்லவர்"ம்பா, உக்காந்துருவா. நான் இங்க நின்னு ஊரே கேக்கப் பேசுறதெல்லாம் அவகிட்டக் கேட்டுக் கேட்டு வந்த பேச்சு, அதை ஒருத்தரும் நினைச்சுக்கூடப் பாக்கிறதில்ல. காலையில எனக்கு இந்த வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டா. ஊக்கை வாயில கடிச்சுக்கிட்டு மடிப்பு எடுத்தா, எடுத்த மடிப்பைக் கலைச்சா, திரும்ப எடுத்தா. அப்புறம் ஊக்கை வாயிலிருந்து எடுத்துட்டு, "உன்னை யாராவது கேட்டாங்களா?"ன்னா. "இல்லம்மா." தோள்ல ஊக்கைக் குத்தினா. "என்னையும் யாரும் கேக்கல"ன்னா. அவ்வளவுதான், டப்பாவை மூடி அலமாரியில வச்சுட்டுப் போயிட்டா. பொருத்தனையைப் பத்தி அப்பா பேசும்போதெல்லாம் "நாங்க பண்ணினோம், நாங்க பண்ணினோம்"பார். ரெண்டு பிள்ளையைப் புதைச்சுட்டு மூணாவதை வயித்துல வச்சுக்கிட்டுக் கட்டில்ல கிடந்தவளை யார் கேட்டாங்க? இந்தப் பதினேழு வருஷத்துல எனக்கே அது தோணலையே, எருமை மாடு நான்.

"அன்று மழை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கவில்லை. என் தகப்பனார் மாத்திரம் கேட்டேன் என்றார்." இந்தக் கதையை நான் ஏற்கெனவே சொல்லியிருக்கேன், முடிவு தெரியும். அவர் ஓடத்தைத் தள்ளிக்கிட்டுப் போவார், அக்கரையில பிரசவ வலியோட ஒரு பொண்ணு நிக்கும், கூட அதோட தம்பி, கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனுக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கும். எப்பச் சொன்னாலும் இந்த இடத்துல என் குரல் லேசா உடையும், இப்பவும் உடையுது, சபை ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு உருகுது, ஆவி இறங்கிப் பிள்ளை அபிஷேகத்துல நிக்கிறான்னு நினைச்சிருப்பாங்க. எனக்கு எங்க சிக்குதுன்னா, கேக்காத நாள்ல அந்த ஓடக்காரர் என்ன பண்ணினார்? அதைப் பாஸ்டர் சொன்னதே இல்ல. என்ன பண்ணியிருப்பார், சோறு தின்னுட்டுப் படுத்திருப்பார். பொண்டாட்டி ஆசைப்பட்டான்னு, ஊரு எதிர்பாக்குதுன்னு, கேக்காத சத்தத்தைக் கேட்டேன்னு சொல்லி ஓடத்தைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்க மாட்டார். போயிருந்தா நாலாவது நாள் அவர் கேட்டேன்னா ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான். சரி, இப்ப இது எதுக்கு எனக்கு? பாஸ்டர் கதையை முடிக்கப் போறார், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி ஜிப்பாவுல துடைக்கிறார்னா இன்னும் கொஞ்சம்தான். பெனிலா, யோசி. ஒரு வழி இருக்கு. நேத்தே தோணிச்சு, தோணினதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், ஆனா போக மாட்டேங்குது. பாஸ்டருக்குத் தமிழ்ல சோறு, தண்ணி, போதும், இவ்வளவுதான் தெரியும். சபைக்குத் தெலுங்கு சுத்தமாத் தெரியாது, அப்பா நெல்லூர்ல கத்துக்கிட்ட நாலு வார்த்தையும் ஸ்பானர், போல்ட்டைத் தாண்டாது. நான் பாஸ்டர்கிட்ட தெலுங்குல, ஐயா நான் கேக்கலன்னு உண்மையைச் சொல்லிடறேன். அவர் நல்லவர், கேக்காத பிள்ளையைக் கூட்டிட்டுப் போக மாட்டார், சரிம்மா பொறுத்திருப்போம்பார். நான் சபைக்குத் தமிழ்ல, இவள் அழைப்பைக் கேட்டாள், ஆனாலும் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கும்படி கர்த்தர் உணர்த்துகிறார்னு சொல்லிடறேன். முடிஞ்சது ஜோலி! நான் போக வேண்டாம், அப்பாவுக்குத் தலைகுனிவு இல்ல, பிரியாணியும் வீணாப் போகாது. கண்டுபிடிக்கிறதுக்கு இந்த உலகத்துலயே ஒரே ஒரு ஆள்தான் இருக்கு, தூண் மறைவுல. அவ எங்க வாயைத் திறக்கப் போறா.

"அந்தப் பிள்ளை பிறந்தது எங்கள் ஓடத்தில்." ஆமென்ங்கிறாங்க எல்லாரும். கை தட்டுறாங்க. வேர்வை முதுகுல ஓடுது, ஊக்குக் குத்தின இடத்துல சுரீர்ங்குது. அந்த வழி எவ்வளவு சுலபம். ஆனா இந்த மைக்குல நான் ஒரு பொய் சொன்னதில்லையே. என்னோடதுன்னு எங்கிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதான், அவர் சொன்னது அப்படியே இவங்ககிட்ட போய்ச் சேரும்ங்கிறது. சாம்பார் உப்பைக்கூட மறைச்சதில்ல. முதல்முதலா என் வாக்கியம்னு ஒண்ணு சொல்ற நாள்ல அதையா உடைக்கப் போறேன்? அதுவும் அப்பாவை வச்சுக்கிட்டு? பிரேக் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்ற மனுஷனுக்கு, பிடிக்குது ஆனா ஒரு வருஷம் கழிச்சு ஓட்டுவோம்னு மக சொல்லணுமா? அடுத்த வருஷமும் இதே சேலை, இதே பிரியாணி. நடுவுல தினம் விடியக்காலையில அவர் என்னைப் பாத்துச் சிரிப்பார். ஆண்டவரே, நீர் இருக்கீர்னா இப்ப ஒரு சத்தம் கொடுத்துடும், இப்பவே, நான் சந்தோஷமாப் போயிடறேன், சத்தியமா. காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன். ஃபேன் கடகடங்குது. பின்னால கரண்டி சட்டியில உரசுது. ஒரு கைப்பிள்ளை சிணுங்குது. ரோட்டுல ஐஸ் வண்டி மணி. வேற ஒண்ணும் இல்ல.

பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு என் பக்கம் திரும்புறார். எத்தனையோ வாட்டி பக்கத்துல நின்னிருக்கேன், அவர் என் கண்ணைப் பாத்துப் பேசுறது இதுதான் முதல் தடவை. "அம்மா, நுவ்வு பிலுபு வின்னாவா?" மெதுவாத்தான் கேக்கிறார். நான் சபையைப் பாத்து, வழக்கமான குரல்ல, ஒரு எழுத்து தவறாம சொல்றேன், "மகளே, நீ அழைப்பைக் கேட்டாயா?" அப்பா திருகு மேல கையை வச்சுக்கிட்டு முன்னால குனிஞ்சு உக்காந்திருக்கார், கண்ணு ஏற்கெனவே கலங்கியிருக்கு. முதல்ல தெலுங்கா, தமிழா? தெலுங்குல ஆரம்பிச்சா அந்தக் குறுக்கு வழியில காலு தானாப் போயிடும்னு எனக்குத் தெரியும். தலை இடப்பக்கம் திரும்பப் பாக்குது. திரும்பாதடி, உன் வாக்கியம் அங்க இல்ல. நான் அப்பாவைப் பாக்கிறேன், மைக்குத் தமிழ் இல்ல, எங்க வீட்டுத் தமிழ்லதான் வருது, "நான் கேக்கலப்பா." மைக் அதை அப்படியே நாலு சுவத்துலயும் அடிக்குது. "இதுவரைக்கும் ஒரு நாளும் கேக்கல." யாரோ "ஐயோ"ங்கிறாங்க. ஆம்பளைங்க பக்கம் பாய் சரசரங்குது. அப்பாவோட விரல் திருகை இறுக்கிப் பிடிக்குது, போச்சு, ஆஃப் பண்ணப் போறார், பண்ணட்டும், அவர் மைக், அவர் சபை. பண்ணல. முகம் வெளுத்துப் போயிருக்கு, வாய் லேசாத் திறந்திருக்கு, அந்தப் பல்லு சந்து தெரியுது, ஆனா கை திருப்பல. அந்தக் கை அப்படியே நிக்குது. இப்ப நான் தெலுங்குல சொல்லணும். பாஸ்டர் காத்துக்கிட்டிருக்கார். இந்தக் குடோன்ல இருக்கிற அத்தனை பேருக்கும் நான் என்ன சொன்னேன்னு தெரியும், அவருக்கு மட்டும் தெரியல, என் முகத்தைப் பாக்கிறார், அவங்க முகத்தைப் பாக்கிறார், "ஏமந்தி? ஏமந்தி?" என்ன சொன்னா, என்ன சொன்னான்னு கேக்கிறார். வாயைத் திறக்கிறேன், காத்துதான் வருது. எல்லார் வாக்கியத்தையும் தூக்கிக்கிட்டு ஓடின நாக்கு என்னோடதைத் தூக்க மாட்டேங்குது. ரெண்டு சின்ன வார்த்தை, அது வரல. அழுகைதான் வருது. சே, அழக் கூடாது, அழுதா அதையும் அபிஷேகம்னு எடுத்துக்குவாங்க.

தூண் மறைவுல ஒரு வெள்ளைச் சேலை எந்திரிக்குது. சாட்சி நேரம் இல்லையே, எதுக்கு எந்திரிக்கிறா? பக்கத்துல இருந்த கிரேஸி அக்கா முந்தானையைப் பிடிச்சு இழுக்கிறாங்க, அம்மா உக்காரல. முக்காடு நழுவி விழுந்துருச்சு, அதை எடுத்துப் போட்டுக்கல. மைக் இல்ல, ஒண்ணும் இல்ல. கடையில விரலால காட்டுறவ, கர்த்தர் நல்லவர்னு சொல்லிட்டு உக்காருறவ, எங்க வீட்டுச் சுவருக்கே கேக்காமப் பேசுறவ, இந்தக் குடோன் கடைசியில பிரியாணிச் சட்டிகிட்ட நிக்கிறவங்களுக்கும் கேக்கிற மாதிரி, பாஸ்டர் முகத்தை நேராப் பாத்து, நெல்லூர்த் தெலுங்குல சொல்றா, "நேனு வினலேது. இந்தவரகு ஒக்க ரோஜு கூட வினலேது." நான் கேக்கல, இதுவரைக்கும் ஒரு நாளும் கேக்கல. நான் சொன்னதேதான், ஒரு சொல் கூடல, ஒரு சொல் குறையல. எங்கம்மா! இந்தக் குரலை இத்தனை வருஷம் எங்கம்மா வச்சிருந்த? யாரும் சிரிக்கல. பாஸ்டர் அவளைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார். அப்புறம் தன் மைக்கைக் கீழ வச்சுட்டு, எங்கிட்டயிருந்து ரெண்டு அடி தள்ளி நின்னுக்கிறார், "செப்பம்மா"ங்கிறார், சொல்லும்மான்னு. அம்மா உக்காரல. கையைக் கட்டிக்கிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறா, அடுத்த வாக்கியத்துக்கு. பாஸ்டர் வாயைப் பாத்துக்கிட்டு நான் நிப்பேனே, அப்படியே. நான் மூக்கை உறிஞ்சிக்கிறேன். மைக்கை நெருக்கமாப் பிடிக்கிறேன். "எனக்கு"ன்னு ஆரம்பிக்கிறேன், "எனக்கு என்ன வேணும்னு இன்னும் தெரியலப்பா. தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்." சொல்லிட்டு நிறுத்துறேன், அம்மா பேசுறதுக்கு.